குடை கேட்டால் தண்ணீர்

சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் குடை கேட்டார். என் உம்மா உடனே குடையைக் கொடுத்தனுப்பினார்.

வெளியே மழையும் இல்லை, வீட்டுக்குள் வெயிலும் இல்லை. அவருக்கு வேண்டியது தண்ணீர். அது எனக்கும் தெரியும், உம்மாவுக்கும் தெரியும், குடையைத் தூக்கிக்கொண்டு வந்த என் தங்கைக்கும் தெரியும். இருந்தும் யாரும் அவரைத் திருத்தவில்லை. குடையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனுஷர் எங்களை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை தண்ணீர்ச் சொம்பைத் தற்செயலாக வைப்பதுபோல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வந்தவர் ராஜா. கீழே விழுந்த துண்டைக்கூட அவர் குனிந்து எடுக்கக் கூடாது. மாப்பிள்ளை காக்கை வெள்ளை என்றால், ஆமாம், இப்போதுதான் கொல்லைப் பக்கம் பறந்து போனது என்று நாங்கள் சாட்சி சொல்ல வேண்டும். என் உம்மா அவரோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. அடுக்களை வாசலில் ஒரு திரை தொங்கும். அதற்குப் பின்னால் குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டு, "மாப்புள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தட்டுமான்னு கேளு" என்று என்னிடம் சொல்வார். அவர் காதில் அது நன்றாகவே விழும். ஆனாலும் நான் ஒருமுறை கேட்க வேண்டும். மார்க்கத்தில் அப்படி எதுவும் இல்லை. மரியாதை, அவ்வளவுதான்.

அவர் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறியவர், காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய காலத்தில்தான் கடையை ஒப்படைத்துவிட்டு ஒரேயடியாகத் திரும்பினார். எனக்கு ஒரு பட்டுத் துணியும் தனக்கு ஒரு பச்சை நிறச் சைக்கிளும் கொண்டுவந்தார். அந்தச் சைக்கிளைத் தினமும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார். நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன், என் பக்கம் திரும்பினால்தானே! எனக்குச் சைக்கிள் மேல் அத்தனை பொறாமை.

விழிதியூர்ப் பக்கம் யாரையோ பார்க்கப் போய்விட்டு ஒருநாள் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே வைக்கோல் வண்டி. ஒதுங்கப் போனவரின் முன்சக்கரம் வண்டித் தடத்தில் மாட்டிக்கொள்ள, ஆளைச் சுழற்றி வயல் வரப்பில் வீசிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டாகச் சொன்னார்கள்: "ஒரு சொட்டு ரத்தம் வரல, பயப்படாதீங்க." நாங்களும் பயப்படவில்லை. அப்புறம்தான் அவர் கண்ணே திறக்கவில்லை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து, உம்மா நேர்ந்துகொள்ளாத நேர்ச்சை பாக்கியில்லை என்கிற நிலையில் கண் விழித்தார்.

வீட்டுக்கு வந்தார். நடந்தார், சாப்பிட்டார், என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். வலது கை விரல்கள் மட்டும் சட்டைப் பொத்தானோடு சண்டை போட்டன. வார்த்தைகளோ பெட்டி மாறிப் போயிருந்தன. தண்ணீர் குடையாகிவிட்டது. தலையணை வண்டியாகிவிட்டது. என்னைச் சைக்கிள் என்று கூப்பிட்டார். போகட்டும், இனி நம்மையும் துடைத்துவைப்பார் என்று தேற்றிக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், தொழுகையில் நின்றால் ஒரு எழுத்துப் பிசகாமல் ஓதுவார். ஓதி முடித்துவிட்டுத் திரும்பி, குடை கேட்பார்.

நாங்களும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். குடை என்றால் குடை, வண்டி என்றால் வாசலில் வண்டி. தலையணை கேட்ட மனுஷருக்கு மாடு பூட்டி வண்டி நின்றது. அவர் அவமானப்படுவார் என்று நாங்கள் சிரிப்பை அடக்கினோம். எங்களுக்குச் சிரமம் என்று அவர் கேட்பதை அடக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சே குறைந்தது. வேண்டியதைக் கேட்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டார். அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. தப்பாகப் பேசும் புருஷனோடு வாழ்ந்துவிடலாம். பேசாத புருஷனோடு என்ன செய்வது?

அந்த நேரத்தில் அம்பகரத்தூரிலிருந்து என் மாமியார் வந்தார். அவருக்கு இவர் ஒரே பிள்ளை. மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை வாசற்படியில் நின்று பார்த்தார். உள்ளே வந்து, வாயில் வெற்றிலைகூடப் போடாமல் உம்மாவிடம் சொன்னார்.

"நோன்புப் பெருநா வரைக்கும் பாப்பேன் சம்பந்தி. அதுக்குள்ள தேறலன்னா எம் புள்ளைய என் வூட்டுக்கு அழச்சிக்கிட்டுப் போயிடுவேன். பெத்தவ கையால சோறு திங்கட்டும்."

கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். எங்கள் தெருவில் அப்படி இல்லை. பெண் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை திரும்பி வந்ததாக ஒரு கதையும் கிடையாது. கடல் தாண்டிப் போனவருக்காகக் காத்திருந்தவள் நான், அவரைக் கண்ணாரப் பார்த்ததே சில மாதங்கள். அதற்குள் கொடுத்துவிடுவதா? எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வைக்கோல் வண்டி மேல், சைக்கிள் மேல், மாமியார் மேல், ரத்தமே வராத அந்தக் காயத்தின் மேல்.

நோன்பு தொடங்கிய வாரத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் இவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். பாண்டிச்சேரிக்காரர், என் வீட்டுக்காரரைவிடச் சின்ன வயது. என் உம்மாவையும் என்னையும் ஒரே மாதிரி பிரெஞ்சு மரியாதையாக "மதாம்" என்பார். திரைக்குப் பின்னால் உம்மா ஒவ்வொரு மதாமுக்கும் முக்காட்டை ஒருமுறை சரிசெய்துகொள்வார். நோன்பு திறந்த நேரமானதால், கடல்பாசியைச் சீனி போட்டுக் காய்ச்சி ஆறவைத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் டாக்டருக்குக் கொடுத்தோம். வழவழவென்று உறைந்து, தட்டினால் ஆடும். அவர் கரண்டியைத் தொடாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூளையும் ஏறக்குறைய இந்தப் பதந்தான் மதாம்" என்றார்.

"அஸ்தஃபிருல்லாஹ்" என்றது திரை. அந்த வருஷம் முழுக்க உம்மா கடல்பாசியைத் தொடவில்லை.

டாக்டர் கிண்ணத்தை மேஜையில் வைத்துச் சட்டென்று ஒரு திருகு திருகி நிறுத்தினார். கிண்ணம் நின்றுவிட்டது. உள்ளே இருந்தது நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றி, ஓரத்தை விட்டுப் பிய்ந்து, ஆடி, அப்புறம் அடங்கியது. விளக்கடியில் தூக்கிக் காட்டினார். நடுவில் மயிரிழை போல ஒரு கீறல்.

"கிண்ணத்துல ஒரு விரிசலும் இல்ல, பாத்தீங்களா? மண்டை ஓடும் அப்படித்தான். ரத்தம் வரலன்னு எல்லாரும் நிம்மதியா இருந்துட்டீங்க. உள்ளதான் முறுக்கி இழுத்திருக்கு. மூளையில உள்ள ஒவ்வொரு நரம்பணுவுக்கும் நூல் மாதிரி நீளமா ஒரு வால் உண்டு. சேதி அது வழியாத்தான் போகும். அந்த நூலு இழுபட்டிருக்கு."

"அறுந்து போச்சா?" என்று கேட்டேன்.

அவர் என் தங்கையைப் பார்த்தார். அவள் கையில் ஜவ்வு மிட்டாய் வைத்திருந்தாள். வாயில் இருந்தது போக மீதியை மனமில்லாமல் நீட்டினாள். டாக்டர் அதை மெல்ல மெல்ல இழுத்தார். அது கேட்டதற்கெல்லாம் நீண்டது. இன்னொரு துண்டை எடுத்து வெடுக்கென்று இழுத்தார். படக்கென்று குச்சி போல முறிந்தது.

"ஒரே மிட்டாய்தான். மெதுவா இழுத்தா குடுத்துக்கிட்டே வரும், வேகமா இழுத்தா வெறச்சிக்கும். நரம்பு நூலுக்கும் அதே குணம். நீங்க தொழுகையில குனியிறீங்க, நிமிர்றீங்க, ஊஞ்சல் ஆடுறீங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது. சைக்கிள் தூக்கிப் போட்டுச்சே, அந்த ஒரு நொடிதான் வினை. சிலது அறுந்திருக்கும். அது திரும்ப ஒட்டாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பலது அறுபடாம வீங்கிக் கெடக்கும், அது தேறும். அறுந்ததோட வேலையைப் பக்கத்து நூல் கத்துக்கிட்டுச் செய்யும். வேலை குடுத்தாத்தான் கத்துக்கும். வேலை குடுக்குறீங்களா?"

என் தங்கைக்கு மிட்டாய் போன ஆத்திரம். குடைக் கதை முழுவதையும் ஒன்றுவிடாமல் போட்டு உடைத்தாள். வண்டி பூட்டியதையும் சேர்த்து.

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "தப்பான வழியில நீங்களே நடந்து நடந்து ஒத்தையடிப் பாதை போட்டுக்கிட்டு இருக்கீங்க மதாம். ஓதுறது எப்படிச் சரியா வருது? சின்ன வயசுலேர்ந்து நடந்த ரோடு அது, அழியாது. தண்ணீக்குப் புதுசா ரோடு போடணும். குடை கேட்டா குடையைக் குடுக்காதீங்க. காத்திருங்க. வரலன்னா முதல் எழுத்தை எடுத்துக் குடுங்க. அவரே சொல்லட்டும். கையையும் சும்மா வைக்க விடாதீங்க."

திரைக்குப் பின்னாலிருந்து உம்மா என்னை அழைத்து, என் வழியாக டாக்டரைக் கேட்டார்: "மாப்புள்ளைட்ட எதுத்துப் பேசச் சொல்றாரா?"

"ஆமா மதாம்" என்று டாக்டர் திரையைப் பார்த்தே சொன்னார்.

மறுநாள் அவர் குடை கேட்டபோது நான் ஒரு கையில் குடையும் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் கொண்டுபோய் எதிரில் வைத்தேன். அவருக்கு நோன்பு கிடையாது, டாக்டர் கூடாதென்றிருந்தார். எனக்கு நோன்பு. நாக்கு வறண்டதற்கு அது மட்டும் காரணமில்லை.

"எது வேணும்?"

சொம்பைக் காட்டினார்.

"பேரு சொல்லுங்க."

"குடை."

"இல்ல" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் இல்லை. சொம்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் கையை நீட்டினார். நான் இன்னும் பின்னால் நகர்ந்தேன். அவர் முகம் சிவந்தது. தரையில் ஓங்கி அறைந்தார். எத்தனையோ நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் என்னைச் சுட்டன.

"பேய்!" என்றார். "நீ பேய்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் கத்திவிட்டேன். "சரியான வார்த்தை! இடம் பாத்து, ஆளு பாத்து, அச்சா வந்திடுச்சி!"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சொம்பைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். கடைசியில் நான் 'த' என்று எடுத்துக் கொடுக்க, அவர் தட்டுத் தடுமாறித் தண்ணீ என்று சொல்லிக் குடித்தார். எங்கள் கல்யாணம் உண்மையில் அன்றைக்குத்தான் நடந்தது என்று நான் சொல்வதுண்டு.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அமைதி என்பது போய்விட்டது. நானும் தங்கையும் மாறி மாறி எதிர்ப்பேச்சுப் பேசினோம். எதைக் கேட்டாலும் பேரு சொல்லுங்க. விரல்களுக்கு வேலை வேண்டுமே என்று அவரை அடுக்களை முற்றத்தில் உட்காரவைத்துத் நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் பிழியச் சொன்னேன். பாதிப் பால் சட்டியில், பாதி அவர் கைலியில். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "மாப்புள்ளைய அடுக்களையில வுட்ட வூடு உருப்படுமா?" என்று கேட்டார்கள். "கஞ்சி நல்லா வருது, ஒரு கிண்ணம் அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். அனுப்பினேன். கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது.

பேச்சுக்குப் பயிற்சி என்று சைகோனைப் பற்றிக் கேட்பேன். மழை, ஆறு, கடைக்கு எதிரே சூப்பு விற்ற கிழவர், ஊர் நினைப்பு வந்தால் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதது. வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டுவார், அதுவும் இல்லாத இடத்தில் என் முகத்தைப் பார்ப்பார். தலையில் அடிபடாத காலத்தில் இந்த மனுஷர் என்னிடம் இதில் கால்வாசி பேசியதில்லை. எனக்கு அப்போது அவர் மேல் ஏற்பட்ட ஆசையை எழுத வெட்கமாக இருக்கிறது. நோன்பு மாதமாச்சே என்று அல்லாஹ்விடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது டாக்டராக இருக்கும் என் தங்கை மகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அந்தக் காலத்து டாக்டர் கெட்டிக்காரர் என்றாள். அந்த நூலுக்குள்ளே தண்டவாளம் மாதிரி மெல்லிய குழல்கள் ஓடுகின்றனவாம். நரம்பணு செய்து அனுப்புகிற சரக்கு அதன் மேல்தான் நூலின் நுனிவரை போகிறதாம். வெடுக்கென்று இழுத்தால் நூல் அறாவிட்டாலும் உள்ளே தண்டவாளம் ஒடிகிறது. சரக்கு அங்கங்கே தேங்கி, நூல் மணிமணியாக வீங்கிவிடுகிறது. பாதை சரியானால் நூல் பிழைக்கும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் பிய்ந்துபோகும். பேரளம் ரயில் பாதையில் மழைத்தண்ணீர் ஏறி வண்டி நின்றுபோனால் எங்கள் ஸ்டேஷனில் கருவாட்டு மூட்டை குவிந்து கிடக்குமே, அந்த மாதிரியா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, அப்படித்தான் பெரியம்மா என்றாள்.

பெருநாள் வந்தது. அவர் தேறியிருந்தார், ஆனால் முழுக்க இல்லை. பதற்றம் வந்தால் பழைய பாதையில் கால் போய்விடும். காலையில் மாமியார் கூண்டு வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் வெறும் பெட்டி ஒன்றும் இறங்கியது. மகனின் துணிமணிகளுக்கு என்று கேட்காமலே புரிந்தது. கையிலிருந்த கறுப்புக் குடையைக் கூடத்து மூலையில் சாத்திவைத்தார்.

தொழுதுவிட்டு வந்தவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, நெய்ச்சோறும் தாளிச்சாவும் வைக்கச் சொன்னார். நாங்கள் பரிமாறினோம். வீட்டில் திடீரென்று பழைய மரியாதை திரும்பிவிட்டது. மூன்றாவது கவளமோ என்னவோ, அவருக்கு விக்கல் எடுத்தது. கண்ணில் நீர் கட்டிவிட்டது. சுற்றி எங்கள் முகங்களைப் பார்த்தார், தன் உம்மாவைப் பார்த்தார், பதறினார்.

"குடை" என்றார்.

என் தங்கை என்னைப் பார்த்தாள். நான் பேய் என்று பேர் வாங்கியவள், மாதம் முழுக்கச் சண்டை போட்டவள், மாமியார் முன்னால் மரம்போல் நின்றேன். மாமியார் தவித்துப்போய் எழுந்து ஓடி, மூலையிலிருந்த தன் குடையை எடுத்துவந்து நீட்டினார். "இந்தா வாப்பா, குடை. இந்தா ராசா."

அவர் அந்தக் குடையைப் பார்த்தார். அதே பழைய பார்வை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது திரை ஆடியது.

"குடை இல்ல மாப்புள்ள. அதுக்குப் பேரு வேற. 'த'ல ஆரம்பிக்கும். அவசரம் இல்ல, நிதானமாச் சொல்லுங்க."

என் உம்மா. மாப்பிள்ளையிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. என் வீட்டுக்காரர் திரைப் பக்கம் திரும்பினார். விக்கலுக்கு நடுவே உதடு ஒருமுறை குவிந்தது, பிரிந்தது.

"த… தண்ணீ" என்றார். "தண்ணீ குடுங்க மாமி."

உம்மா திரையை மறந்துவிட்டார். சொம்போடு நேரே கூடத்துக்கு நடந்துவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடித்தார். விக்கல் நின்றது. எனக்கும் தங்கைக்கும் உம்மாவுக்கும் பல் தெரிந்தது, அடக்க முடியவில்லை.

மாமியார் குடையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இப்புடித்தான் எம் புள்ளைட்ட பேசுறீங்களா சம்பந்தி?" என்று கேட்டார். உம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மாமியார் மகனைப் பார்த்தார், காலிச் சொம்பைப் பார்த்தார், மடியிலிருந்ததைப் பார்த்தார்.

"எனக்கு அந்த மனசு வராது" என்றார். "நான் பெத்தவ. அங்க வந்து அவன் குடை கேட்டா நான் குடையத்தான் குடுப்பேன். மறுநாளும் குடுப்பேன். இங்கயே இருக்கட்டும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நல்லா திட்டுடி."

மாலையில் கொண்டுவந்த பெட்டியில் எங்கள் பலகாரங்களை நிரப்பி வண்டியில் ஏற்றினோம். வெயில் இன்னும் தாழவில்லை. மாமியார் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் திடீரென்று என்னிடம் திரும்பி, "உம்மாவுக்குக் குடை" என்றார்.

பழக்க தோஷம். நான் உள்ளே ஓடி, சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தேன்.

அவர் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடத்தில் மாமியார் மறந்துவிட்டுப் போன கறுப்புக் குடையை விரலால் காட்டினார். "ஏ புள்ள! குடைன்னா குடை!" என்று தெருவே கேட்க அதட்டினார்.

அந்த ஒருமுறை நான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. குடையை எடுத்துக்கொடுத்தேன்.